கவறும் கையும்



சூதாடித் தோற்றவன் தருமன். அச்சூதினை அமைத்தவன் சகுனி. இவ்விருவருள் பழி யாரைச் சாரும் என்னும் வினா மிகப் பழையது. பாண்டிருப்பிலும் உடப்பிலும் உள்ள திரௌபதி அம்மன் கோயில்களிலே பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. சகுனியின் வஞ்சம் ஒருபுறம் இருக்கட்டும். ஆடுவதற்கு வா என்று அழைத்தபோது வரமாட்டேன் என்று சொல்லத் தருமனுக்கு வாய் இல்லையா? அழைப்பை மறுப்பது அரச மரபன்று என்று அவன் கூறிய சமாதானம் எத்துணை உறுதியுடையது?

வியாசர் இதற்கு எளிதான விடை எதனையும் தரவில்லை. முதலாட்டத்திலே நாட்டையும் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் தோற்று, பின்னர்த் திருதராட்டிரன் மனமிரங்கியதால் யாவற்றையும் திரும்பப் பெற்று ஊர் நோக்கிச் சென்றுகொண்டிருந்தவனை, இன்னும் ஒருமுறை ஆட வருக என்று அழைத்தார்கள். அவன் திரும்பிப் போய் அமர்ந்தான். முதலாட்டத்துக்குச் சகுனியை நோகலாம். இரண்டாவது ஆட்டத்துக்கு யாரை நோவது? வீமனுக்கோ முதலாட்டத்திலேயே ஐயம் தீர்ந்துவிட்டது. அவன் நெருப்புக் கேட்டது சகுனியின் கையை எரிப்பதற்கன்று. தமையனின் கையை எரிப்பதற்கே.

கையைப் பற்றிய அந்தச் சினம் இக்காலத்திலும் அடிக்கடி கேட்கிறது. ஸ்மார்ட்போன் என்று யாவரும் வழங்கும் திறன்பேசி நம்மிடையே வந்தபின், வீடுதோறும் ஒரு வீமன் தோன்றியிருக்கிறான். பிள்ளையின் கையைப் பார்த்துத் தந்தை சினக்கிறார். தந்தையின் கையைப் பார்த்துத் தாய் சினக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டியிலே சென்றுகொண்டிருந்தேன். எதிரேயிருந்த இளைஞர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து திறன்பேசியை எடுப்பதும் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். வைத்த கை ஓய்வதற்குள் மீண்டும் எடுப்பார். எத்தனை நிமிடங்களுக்கு ஒருமுறை எடுக்கிறார் என்று கணக்கிட எண்ணி, நேரம் பார்ப்பதற்காக என்னுடைய திறன்பேசியை எடுத்தேன். மாகோச் சந்தியிலே எடுத்தவன், அநுராதபுரத்திலே தலை நிமிர்ந்தேன். இடையிலே எந்த ஊர் வந்தது, எந்தக் குளம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்த இளைஞர் உறங்கிவிட்டிருந்தார்.

இத்தகைய நிலைக்கு யார் பொறுப்பு? கருவிக்கு உயிர் இல்லை; எடுப்பதும் வைப்பதும் உன் கை; ஆகவே குற்றம் உன்னுடையது என்பர் ஒரு சாரார். மனிதனின் மெலிவை அளந்தறிந்து அதன்மேல் வலை விரித்தவர்கள் இருக்க, விழுந்தவனை நோவது எதற்கு என்பர் மறு சாரார். வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்போது, இவ்விரு கட்சியாரும் ஒரே தவற்றினைச் செய்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. கை நீளும் அந்தக் கணத்தையே இருவரும் உற்றுநோக்குகின்றனர். அதற்கு முன்னுள்ள பொழுதை எவரும் கருதுவதில்லை. தனிமனிதனுடைய பொறுப்பு பெரும்பாலும் அந்த முற்பொழுதிலேயே தங்கியிருக்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

கிரேக்க நாட்டின் ஏழு ஞானியருள் ஒருவராக எண்ணப்படுபவர் பித்தாக்கஸ். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே லெஸ்பொஸ் தீவின் மித்திலீனி நகரை ஆண்ட இவர், ஒரு வியப்பான சட்டத்தை வகுத்தார். குடிவெறியிலே குற்றம் செய்தவனுக்கு, அதே குற்றத்தை நிதானத்தோடு செய்தவனிலும் கூடுதலான தண்டனை விதிக்கப்படும் என்பதே அது. நாமாயின் இதற்கு மாறாகவே நினைப்போம். தன்னறிவு இழந்தவன் செய்ததைச் சற்றுப் பொறுத்தல் தகும் என்போம். இத்தகைய சட்டத்தின் உட்பொருளை இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அரிஸ்டோட்டில் எடுத்துரைத்தார். வெறித்தவன் அறியாமலே குற்றம் செய்தான் என்பது உண்மை. ஆயினும் வெறியாதிருத்தல் அவன் வசத்தில் இருந்தது. அவனுடைய பொறுப்பு குற்றம் நிகழ்ந்த நள்ளிரவில் இல்லை. முதற் கிண்ணத்தைக் கையில் ஏந்திய மாலைப் பொழுதில் இருக்கிறது.

நன்மை இன்னதென்று அறிந்தும் அதன்படி நில்லாத மனிதனைப் பற்றி அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலிலே நீளமாக ஆராய்ந்திருக்கிறார். அவருடைய காலத்தவரான தெமொஸ்தனிஸ் என்னும் நாவலரோ ஆராய்ச்சியில் இறங்கவில்லை, கத்தியை எடுத்தார். பேச்சுக்கலை பயிலுவதற்காக நிலவறை ஒன்றை அமைத்துக்கொண்ட அவர், வெளியே உலாவப் போகும் ஆசை தலைகாட்டும் என்பதை முன்னரே அறிந்து, தலையின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொள்வாராம். அந்தக் கோலத்தோடு தெருவுக்குப் போக வெட்கப்பட்டு, இரண்டு மூன்று மாதங்கள் நிலவறையிலேயே இருந்து பயில்வார் என்று புளூட்டாக் எழுதுகிறார். தம் மனவுறுதியை அவர் சிறிதும் நம்பவில்லை என்பது இதிலே நோக்கத்தக்கது. நம்பாதபடியால் அவர் மெலியவர் ஆயினாரா, வலியவர் ஆயினாரா என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இதே அறிவை ஹோமரின் காவியத்திலும் காண்கிறோம். கேட்டவரைத் தம்பால் இழுத்து அழிக்கும் மாயமகளிரின் தீவைக் கடக்க வேண்டிய ஒடிசியஸ், மாலுமிகளின் காதுகளை மெழுகால் அடைத்தான். தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் செய்தான். அவிழ்த்துவிடுங்கள் என்று தான் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்று முன்கூட்டியே ஆணையிட்டான். ஆக, ஒரே கப்பலிலே இரண்டு மருந்துகள் இருந்தன. மாலுமிகளுக்காகத் தலைவன் முடிவு செய்தான். தலைவன் தனக்காகத் தானே முடிவு செய்தான். மெழுகு வேறு, கயிறு வேறு. இந்த வேறுபாட்டைச் சற்று நினைவில் வைத்திருங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இனி, கயிறு அவிழ்ந்துபோன கதை ஒன்று.

ஆங்கிலக் கவிஞர் சாமுவெல் டெய்லர் கோல்ரிட்ஜ் அபினுக்கு அடிமைப்பட்டிருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்நாளில் அபினும், அதனைச் சாராயத்திற் கரைத்த லோடனம் என்னும் திரவமும் இங்கிலாந்தின் கடைகளிலே தடையின்றி விற்கப்பட்டன. 1868ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, அதனை இன்னார்தாம் விற்கலாம் என்னும் வரையறையும் இருக்கவில்லை. நோவுக்கு மருந்தாக உட்கொண்டது நோயாகவே மாறிற்று. 1814ஆம் ஆண்டிலே பிறிஸ்டல் நகரத்து நண்பர் ஒருவருக்குக் கோல்ரிட்ஜ் எழுதிய கடிதம் உள்ளத்தை உருக்குவது. தம்முடைய நோய் அறிவின் நோயன்று, மனவுறுதியின் நோய் என்றும், வசதியிருந்தால் தம்மைத் தாமே ஒரு தனியார் மனநோய் விடுதியில் அடைத்துக்கொள்ளவும் ஆயத்தம் என்றும் அதிலே கூறுகிறார். செய்யத்தக்கது எது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. செய்வதற்குத்தான் அவரால் இயலவில்லை.

அவரை நன்கறிந்தவரும் தாமும் அபினுக்கு ஆட்பட்டவருமான தோமஸ் டி குயின்ஸி ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். பிறிஸ்டலிலே கோல்ரிட்ஜ் சுமைகூலிகளையும் வண்டிக்காரரையும் கூலிக்கு அமர்த்தி, தாம் எந்த மருந்துக்கடைக்குள்ளும் நுழையாதபடி வலுக்கட்டாயமாகத் தடுக்குமாறு ஏவினாராம். தெமொஸ்தனிஸின் கத்தியும் ஒடிசியஸின் கயிறும் இங்கே கூலியாட்களாக வந்து நிற்கின்றன. ஆனால் தடுக்கும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தவர் கோல்ரிட்ஜ். கடைவாசலிலே நின்று, விலகிப் போங்கள் என்று கட்டளையிட்டவரும் அதே கோல்ரிட்ஜ். நேற்றைய எசமானுக்குக் கீழ்ப்படிவதா, இன்றைய எசமானுக்குக் கீழ்ப்படிவதா? அந்த எளிய மனிதர்கள் தத்துவஞானிகளுக்கே விடை தெரியாத சிக்கலொன்றில் அகப்பட்டுத் திகைத்தனர் என்கிறார் டி குயின்ஸி. இதிலே அவருடைய நகைச்சுவை சற்று மிகுந்திருக்கக்கூடும். எனினும் நிகழ்ச்சியின் உட்பொருள் மெய்யானது. தானே கட்டிய முடிச்சைத் தானே அவிழ்க்கலாம் என்றிருக்குமானால், அது முடிச்சன்று.

1816 ஏப்ரலிலே கோல்ரிட்ஜ் வேறு வழியை நாடினார். லண்டனுக்கு அணித்தான ஹைகேட்டில் ஜேம்ஸ் கில்மன் என்னும் மருத்துவரின் இல்லத்துக்குத் தாமாகவே சென்று, அவருடைய கண்காணிப்பிலே தங்கினார். ஏறத்தாழ ஒரு மாதம் என்று எண்ணிச் சென்றவர், 1834ஆம் ஆண்டு இறக்கும்வரை பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். முற்றாக விடுபட்டாரா எனில், இல்லை. மருத்துவருக்குத் தெரியாமல் ஊர் மருந்துக்கடையிலிருந்து லோடனம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அளவு அடங்கிற்று, நூல்கள் வெளிவந்தன, அவர் பேச்சைக் கேட்பதற்கு இளைஞர்கள் அந்த வீட்டைத் தேடி வந்தனர்.

கோல்ரிட்ஜுக்கு மருந்துக்கடை தெருமுனையில் இருந்தது. நமக்குச் சட்டைப்பையில் இருக்கிறது. இந்தக் கடை எவ்வாறு சட்டைப்பைக்குள் வந்தது என்பதை இனிப் பார்ப்போம்.

தொலைபேசியையும் சிறு கணினியையும் ஒன்றாக்கிய கருவியொன்றை ஐ.பி.எம். நிறுவனம் 1994ஆம் ஆண்டிலே ‘சைமன்’ என்னும் பெயரோடு விற்பனைக்கு விட்டது. அது பெரிதாகப் பரவவில்லை. அலுவலர்களிடையே பரவியது, 1999இல் வந்த பிளக்பெரி. எங்கிருந்தாலும் மின்னஞ்சல் வரும் என்பதே அதன் பெருமை. எங்கிருந்தாலும் விடாது என்பதே அதன் தீமை. அதற்கு மக்கள் இட்ட பட்டப்பெயர் ‘கிராக்பெரி’. கொக்கெயின் போதைப்பொருளின் ஒரு வகையைக் குறிக்கும் ‘கிராக்’ என்னும் சொல்லைச் சேர்த்து உண்டாக்கிய கேலிப்பெயர் அது. 2006ஆம் ஆண்டின் சொல்லாக அமெரிக்க அகராதி ஒன்று அதனைத் தேர்ந்தெடுத்தது. ஐபோன் அறிமுகமானது அதற்குப் பின்னர், 2007 ஜனவரி 9ஆந் திகதி. ஆகவே தீங்கு நேரும் என்பது எவருக்கும் தெரியாது என்று கூறுவதற்கில்லை. பெயர் முந்திவிட்டது, பெருக்கம் பின்னால் வந்தது.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளே வரலாற்று மாணவன் கூர்ந்து நோக்கவேண்டிய காலம். 2006இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஆசா ரஸ்கின் என்பவர், பக்கத்தின் அடிப்பகுதி என்பதே இல்லாமல் மேலும் மேலும் விரிந்துகொண்டே போகும் திரையை அமைத்தார். 2009 பெப்ரவரியில் பேஸ்புக் ‘விருப்பு’ப் பொத்தானை வெளியிட்டது. அதே ஆண்டிலே லோரன் பிரிக்டர் என்னும் நிரலாளர், திரையை விரலாற் கீழே இழுத்துவிட்டால் புதிய செய்தி வந்து விழும் முறையைத் தம் செயலியிற் சேர்த்தார். ஐபோனிலே, கேளாமலே வந்து தட்டியெழுப்பும் அறிவித்தல்கள் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். இவர்களுள் எவரும் சகுனியல்லர். பக்கத்தைப் புரட்டும் சிரமத்தைக் குறைப்போம், நண்பர்க்கு ஒரு நல்ல சொல்லை எளிதாக அனுப்புவோம் என்றே பெரும்பாலும் எண்ணினர். ஆனால் இந்த உறுப்புகள் ஒரே கருவியிலே வந்து கூடியபோது, அது வேறொன்றாயிற்று.

அந்த வேறொன்றுக்கு ஒரு பழைய பெயர் உண்டு. அமெரிக்க உளவியலறிஞர் பி. எப். ஸ்கின்னர் புறாக்களைக் கூட்டிலடைத்து, ஒரு தட்டைக் கொத்தினால் தானியம் விழும்படி செய்து ஆராய்ந்தார். பெர்ஸ்டர் என்பவரோடு இணைந்து 1957இல் அவர் வெளியிட்ட பெருநூல் அந்த ஆராய்ச்சிகளின் தொகுப்பு. இத்தனை முறை கொத்தினால் ஒரு தானியம் என்று கணக்கு நிலையாக இருந்தால், தானியம் கிடைத்ததும் புறா சற்று ஓயும். எந்தக் கொத்துக்குத் தானியம் விழும் என்பது தெரியாதபடி செய்துவிட்டாலோ, அது ஓயாமற் கொத்தும். சூதாட்டக்காரனை விடாது பிடித்திருப்பதும் இதுவே என்று ஸ்கின்னர் வெளிப்படையாகவே எழுதினார். விரலாற் திரையை இழுத்துவிட்டு, ஏதேனும் வந்திருக்கிறதா என்று நாம் காத்திருக்கும் அந்த அரைநொடியும் அதுதான். பெரும்பாலும் ஒன்றும் இல்லை. சிலவேளை ஏதோ ஒன்று. எப்போது என்பது தெரியாது. கவறு உருள்கிறது.

2017இல் செய்தவர்கள் வாய்திறக்கத் தொடங்கினார்கள். பேஸ்புக்கின் முதல் தலைவராயிருந்த ஷோன் பார்க்கர், மக்களுடைய நேரத்தையும் கவனத்தையும் இயன்றவரை கவர்வது எவ்வாறு என்பதே தொடக்கத்தில் எங்கள் சிந்தனையாயிருந்தது என்றும், மனித உளத்தின் ஒரு மெலிவைப் பயன்படுத்துகிறோம் என்பதை அறிந்தே செய்தோம் என்றும் அவ்வாண்டு நவம்பரிலே பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். ரஸ்கினும் பிரிக்டரும் தத்தம் ஆக்கங்களைப் பற்றிய மனவருத்தத்தை வெளியிட்டனர். இவர்கள் எல்லோரிலும் என்னைக் கவர்ந்தவர், ‘விருப்பு’ப் பொத்தானை உருவாக்கியோருள் ஒருவரான ஜஸ்டின் ரோசன்ஸ்டைன். புதிய ஐபோன் ஒன்றை வாங்கிய அவர், செயலிகளைத் தாம் ஏற்ற முடியாதபடி, பெற்றோர் பிள்ளைகளுக்கு இடும் பூட்டைத் தம் உதவியாளரைக் கொண்டே இடுவித்தார். கில்மன் இல்லத்துக்குச் சென்ற கோல்ரிட்ஜ் நினைவுக்கு வருகிறார் அல்லவா? சமைத்தவரே தம் சமையலைத் தொடாதபடி கதவைப் பூட்டிச் சாவியை மற்றொருவரிடம் கொடுத்துவிட்டார்.

சட்டம் இதனை எவ்வாறு நோக்கும்? பழி பங்கிடும் வேலையை நீதிமன்றம் ஒருமுறை எண்களாலேயே செய்து பார்த்திருக்கிறது. ரோஸ் சிப்பலோன் என்னும் அமெரிக்கப் பெண்மணி பதினாறு வயதிலே சிகரெட் புகைக்கத் தொடங்கி, 1984இல் நுரையீரற் புற்றுநோயால் இறந்தார். அவர் தொடுத்து, பின் கணவர் நடத்திய வழக்கிலே, புகைப்பது அவருடைய சொந்தத் தெரிவு என்பதே கம்பனிகளின் வாதம். 1988இல் ஜூரிமார் கூறிய முடிபு, பொறுப்பில் 80 வீதம் அம்மையாருடையது, 20 வீதம் ஒரு கம்பனியுடையது என்பது. பாதிக்கு மேற்பட்ட பொறுப்பு அவர்மேல் விழுந்ததால், அம்மாநிலச் சட்டப்படி அந்தக் குற்றச்சாட்டுக்காக அவர் பொருட்டு ஒரு சதமும் கிடைக்கவில்லை. உடன்பாட்டு மீறல் என்ற வேறொரு காரணத்திற்காகக் கணவருக்கு நாலு இலட்சம் டொலர் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அதுவும் நிலைக்கவில்லை. எண்பதும் இருபதும் எந்தத் தராசிலே நிறுக்கப்பட்டன என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. பதினாறு வயதுச் சிறுமி முதல் சிகரெட்டைப் பற்றவைத்த பொழுதிலா, அல்லது விடவேண்டும் என்று விரும்பியும் விடமுடியாத பிற்காலத்திலா? தனிமனிதப் பொறுப்பு என்னும் உயர்ந்த சொல், விற்பவர் கையிலே கேடயமாகப் பயன்பட்டிருக்கிறது என்பதை வரலாறு மறைக்கவில்லை. அதனால் அச்சொல் பொய்யாகிவிடாது. யார், எப்போது, யாரை நோக்கி அதனைச் சொல்கிறார் என்று கேட்கவேண்டும், அவ்வளவே.

2018இலே கம்பனிகளும் மருந்து கொண்டுவந்தன. நாள்தோறும் எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தோம் என்று கணக்குக் காட்டி, நாமே எல்லை வைத்துக்கொள்ள உதவும் வசதியைக் கூகிளும் அப்பிளும் அவ்வாண்டிலே அறிவித்தன. இது நல்லதே. நானும் அதனை அமைத்துப் பார்த்தேன். நாளுக்கு அரை மணி என்று எல்லையிட்டேன். எல்லை வந்ததும் திரையிலே ஓர் அறிவித்தல் தோன்றிற்று. அதன் கீழேயே, எல்லையைப் புறக்கணிக்கலாம் என்னும் மற்றொரு பொத்தானும் இருந்தது. இன்னும் பதினைந்து நிமிடமா, இன்று முழுவதுமா என்றுகூட அது பணிவோடு கேட்டது. பிறிஸ்டல் நகரத்துச் சுமைகூலியை நான் நேரிற் கண்டது அன்றுதான். விலகிப் போ என்றேன்; விலகிப் போனான்.

இதற்கு மாறான ஏற்பாடு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1996இலே சூதாட்டத்துக்கு அடிமைப்பட்டோருக்காக ஒரு பட்டியலைத் திறந்தது. எவரும் தாமாகவே வந்து தம் பெயரை அதிலே எழுதுவிக்கலாம். எழுதிய பின் அம்மாநிலச் சூதாட்ட விடுதி எதனுள்ளும் நுழைந்தால், அத்துமீறியவராகப் பொலிசாரால் கைது செய்யப்படுவார். தொடக்கத்தில் அந்தத் தடை ஆயுட்காலத் தடையாகவே இருந்தது. எவரும் யாரையும் வற்புறுத்தவில்லை. பெயரெழுதும் கை அவருடைய சொந்தக் கை. ஆனால் மறுநாள் மனம் மாறினால் அழிக்கும் அதிகாரம் அந்தக் கைக்கு இல்லை. இது மெழுகன்று, கயிறு.

மெழுகையும் நாடுகள் சோதித்துப் பார்த்தன. பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடலாகாது என்று தென்கொரியா 2011 நவம்பரிலே சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து நுழைந்தனர். அன்றியும், அச்சட்டம் கணினி விளையாட்டுகளையே தடுத்தது. கைத்தொலைபேசி விளையாட்டுகளைத் தொடவில்லை. உலகம் கைத்தொலைபேசிக்கு மாறியபின் சட்டம் வெறுங்கூட்டைக் காத்துக்கொண்டிருந்தது. 2022 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. அவுஸ்திரேலியா 2024 நவம்பரில் இயற்றி, 2025 டிசெம்பர் 10ஆந் திகதி நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டமோ வேறு வகையானது. பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கத் தவறினால், ஏறத்தாழ ஐந்து கோடி அவுஸ்திரேலிய டொலர்வரை தண்டம் விதிக்கலாம். அந்தத் தண்டம் கம்பனிக்கே, பிள்ளைக்குமில்லை, பெற்றோருக்குமில்லை. சிப்பலோன் வழக்கின் ஜூரிமார் வகுத்த எண்பதும் இருபதும் இங்கே இடம் மாறி நிற்கின்றன. அச்சட்டம் வெற்றி பெறுமா என்று கூறும் காலம் இன்னும் வரவில்லை.

வளர்ந்தவர்களாகிய நமக்கு எந்த அரசும் மெழுகு உருக்கித் தரப்போவதில்லை. தந்தாலும் நாம் ஏற்கமாட்டோம். ஆகவே கயிறுதான் மிஞ்சுகிறது. கயிறு பெரிதாக இருக்கவேண்டுமென்பதில்லை. அநுராதபுரத்திலே தலை நிமிர்ந்த அந்தப் பயணத்துக்குப் பின் நான் செய்தது, நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த கைக்கடிகாரத்துக்கு மின்கலம் மாற்றுவித்துக் கட்டிக்கொண்டதுதான். நேரம் பார்ப்பதற்காகத் திறன்பேசியை எடுத்தவன் நேரத்தையே தொலைத்தேன் அல்லவா? இப்போது புகைவண்டியேறினால் திறன்பேசி பயணப்பையிலே, பயணப்பை தலைக்கு மேலுள்ள தட்டிலே. எழுந்து நின்று, அயலவரிடம் வழி கேட்டு, பையை இறக்கித் திறந்து எடுக்கவேண்டும். தெமொஸ்தனிஸின் பாதித் தலை அளவுக்கு இது வெட்கம் தருவதன்று. எனினும் போதுமான அளவுக்குத் தருகிறது. வீட்டிலே இரவில் அது சமையலறையில் உறங்குகிறது. சாவியை வைத்திருப்பவர் என் மனைவி. அவர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அல்லர். விலகிப் போ என்றால் விலகமாட்டார்.

ஒரு சிறு செய்தியோடு முடிக்கிறேன். 1925 டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பிலே வானொலி ஒழுங்காக ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிக்கும் அந்நாளிலே பழி வந்தது. பிள்ளைகள் பாடத்தை விட்டுப் பாட்டுக் கேட்கிறார்கள் என்ற முறைப்பாடு அந்நாள் வீடுகளுக்குப் புதிதன்று. ஆனால் அந்தக் கருவிக்குள் ஒரு முடிவு இருந்தது. இன்ன நேரத்துக்குச் செய்தி, இன்ன நேரத்துக்கு இசை, இன்ன நேரத்துக்குப் பேச்சு என்று வரையறை இருந்தது. உலகின் நிலையங்கள் பலவும் நெடுங்காலம் இரவிலே வணக்கம் கூறி ஒலிபரப்பை நிறுத்தின. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, பத்திரிகைக்கும் உண்டு. அடிப்பகுதியில்லாத பக்கம் 2006க்குப் பின் வந்தது.

எனக்கு அளித்த நேரமும் அளந்தே அளிக்கப்பட்டது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து அறிவிப்பாளர் விரலை உயர்த்திவிட்டார்.

வணக்கம்.